மாத்திரையா, காப்பர் டியா, ஆபரேஷனா? முதலில் வீட்டு நாள்காட்டியைப் பாருங்கள்

போன மாதம் குலசேகரத்திலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். அவளுக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. "சித்தி, குழந்தை பொறந்த கையோட காப்பர் டி வெச்சிரலாமான்னு ஆஸ்பத்திரில கேக்காங்க. மாமியார் வேண்டாங்காங்க. அது மேல ஏறி நெஞ்சுக்குப் போயிருமாம். நான் என்ன சொல்லட்டும்?"

நெஞ்சுக்கெல்லாம் போகாது, கர்ப்பப்பைக்கும் நெஞ்சுக்கும் வழியே கிடையாது என்று மட்டும் சொன்னேன். வைக்கலாமா வேண்டாமா என்பதற்கு உடனே பதில் சொல்லவில்லை. அவளிடம் நாலு கேள்வி கேட்டேன். மாப்பிள்ளை எப்போது மஸ்கட்டிலிருந்து வருகிறார், எப்போது திரும்பிப் போகிறார்? அடுத்த குழந்தை எப்போது வேண்டும்? தாய்ப்பால் மட்டும்தானா, புட்டிப்பாலும் உண்டா? மாத்திரை என்றால் மறக்காமல் போடுவாயா? கடைசிக் கேள்விக்குச் சிரித்துவிட்டாள். "தைராய்டு மாத்திரையே வாரத்துல ரெண்டு நாள் மறந்து போகுது சித்தி." சரி, அப்படியென்றால் தினசரி மாத்திரையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

நான் டாக்டர் இல்லை. கடற்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இரண்டு பிள்ளைகள் பெற்று, கருத்தடை முறைகளில் மூன்றை நானே பயன்படுத்திப் பார்த்து, மீதியைத் தோழிகளிடமும் நர்சம்மாவிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவள். எது சிறந்தது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை. யார் வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள், யாருக்கு எது மறக்கும், அடுத்த குழந்தைக்கு எத்தனை வருடம் இருக்கிறது என்று பார்த்தால் பாதிப் பட்டியல் தானாகவே கழிந்துவிடும்.

நம்ம பக்கம் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே ஆபரேஷன்தான். இரண்டாவது குழந்தை பிறந்த வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "நிறுத்தியாச்சா?" 1952-இல் உலகிலேயே முதல் நாடாக இந்தியா இதை அரசுத் திட்டமாகத் தொடங்கியது. சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' வாசகமும் சுவரெல்லாம் வந்தன. ஆனால் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பார்த்தால், நாடு முழுக்கத் திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் பெண் கருத்தடை ஆபரேஷனில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். ஆண் ஆபரேஷன்? நாடு முழுக்க 0.3 சதவீதம். முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் நடுவில் என்ன செய்வது என்பதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பிரசவ வார்டில் வலியோடு படுத்திருக்கும்போதுதான் கேள்வி வரும். வலியில் கிடக்கிறவள் எதற்கும் சரி என்பாள். அதனால் எட்டாம் மாதத்தில் கேட்ட அக்கா மகளை மெச்சத்தான் வேண்டும்.

எண்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். எதுவும் செய்யாமல் இருந்தால் நூறு ஜோடிகளில் சுமார் 85 பேருக்கு ஒரு வருடத்துக்குள் கர்ப்பம் தரிக்கும். 'நான் பார்த்துக்கிறேன்' என்று கணவர் கடைசி நேரத்தில் விலகிக்கொள்வதை நம்பியிருந்தால் இருபது பேருக்கு. ஆணுறை என்றால் 13. தினசரி மாத்திரை என்றால் 7. மூன்று மாத ஊசிக்கு 4. காப்பர் டிக்கும் ஆபரேஷனுக்கும் ஒன்றுக்கும் கீழே. இதெல்லாம் சாதாரண மனிதர்கள் சாதாரணமாகப் பயன்படுத்தும்போது வரும் கணக்கு. ஒரு தப்பும் இல்லாமல் பயன்படுத்தினால் உறை 2-க்கு இறங்கும், மாத்திரை ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஏழுக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருப்பது மாத்திரையின் குறை இல்லை, நம்முடைய மறதி. காப்பர் டியில் மறக்க ஒன்றுமில்லாததால் அந்த இடைவெளியே கிடையாது.

அந்த இடைவெளியில் நானே விழுந்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் ஒன்றரை வருடம் மாத்திரைதான். அரசு இலவசமாகத் தரும் மாலா-என் வகை, 28 மாத்திரை கொண்ட அட்டை. 21 ஹார்மோன் மாத்திரை, மீதி ஏழு இரும்புச்சத்து. எனக்கு ஒத்துக்கொண்டது. மாதவிடாய் வலி குறைந்தது, தேதி தவறாமல் வந்தது. பிறகு வேளாங்கண்ணிக்கு வேனில் போனோம். மெழுகுவர்த்தி முதல் மாற்றுச் செருப்பு வரை எல்லாம் எடுத்து வைத்தேன். மாத்திரை அட்டை மட்டும் தக்கலை வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே இருந்துவிட்டது. மூன்று நாள் போடவில்லை. அடுத்த மாதம் தேதி தள்ளிப்போய், விடியற்காலையில் பாத்ரூமில் டெஸ்ட் கார்டை வைத்துக்கொண்டு நின்றது இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஒரு கோடுதான் வந்தது. ஆனால் அந்த ஐந்து நிமிடம் பெரிய ஐந்து நிமிடம்.

ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்த உடனே போட்டுக்கொள்ளலாம், அன்றைய மாத்திரையையும் சேர்த்து. இரண்டு நாளோ அதற்கு மேலோ விட்டால், தொடர்ந்து மாத்திரை போட்டுக்கொண்டே அடுத்த ஏழு நாளுக்கு உறையும் வேண்டும். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

மாத்திரை எல்லோருக்கும் ஆகாது என்பதும் முக்கியம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், காலில் ரத்தக்கட்டு வந்தவர்கள், கண்முன் பூச்சி பறந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலிக்காரர்கள், மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், 35 வயது தாண்டிப் புகைபிடிப்பவர்கள் போடக்கூடாது. தாய்ப்பால் கொடுப்பவர்கள் ஆறு மாதம் வரை இந்த வகையைத் தொடக்கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் சில வலிப்பு மாத்திரைகளும் இதன் பலத்தைக் குறைத்துவிடும். மெடிக்கலில் அட்டையைக் காட்டி "இதே மாதிரி கொடுங்க" என்று வாங்குபவர்கள் ஒருமுறையாவது பிபி பார்த்துக்கொண்டால் நல்லது.

ஹார்மோனே வேண்டாம், ஆனால் மாத்திரைதான் வேண்டும் என்பவர்களுக்கு சாயா இருக்கிறது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. 1991-இல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. இப்போது அரசு சாயா என்ற பெயரில் இலவசமாகத் தருகிறது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு மாத்திரை, அப்புறம் வாரம் ஒன்று. மாதவிடாயின் முதல் நாளில் தொடங்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பவர்களும் போடலாம். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கினார். முதல் மூன்று மாதம் ஞாயிறும் புதனும், அதற்குப் பிறகு ஞாயிறு மட்டும். காலைப் பூசைக்குப் புறப்படும் முன் மாத்திரை. "பூசையை மறந்தாலும் மாத்திரையை மறக்கமாட்டேன்" என்பார், பங்குத்தந்தை காதில் விழாமல். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருவது இதில் சகஜம். அதைக் கண்டு பயப்படுகிற சுபாவம் இருந்தால் யோசிக்க வேண்டும். பிசிஓடி எனும் சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் மஞ்சள் காமாலை, கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களுக்கும் ஆகாது.

கடலுக்குப் போனவர், கல்ஃபுக்குப் போனவர்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வருவதில்லை. வந்தால் சில நாள் வீட்டில், மறுபடியும் கடல். இன்னொரு பக்கம் கல்ஃப் வீடுகள். பத்து மாதம் அவர் வீட்டில் இல்லை, ஒன்றரை மாதம் லீவில் வருவார். "அவரு வரும்போது மட்டும் மாத்திரை போட்டா போதுமே" என்று என்னிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்!

போதாது. மாதவிடாய் தொடங்கி ஐந்து நாளுக்குள் ஆரம்பித்தால்தான் உடனே பாதுகாப்பு. நடுவில் ஆரம்பித்தால் ஏழு நாள் உறையும் வேண்டும். போட் எந்தத் தேதிக்குக் கரை சேரும் என்று உங்கள் மாதவிடாய்க்கா தெரியும்? அதோடு, ரத்தக்கட்டு ஆபத்து அபூர்வம்தான் என்றாலும் மாத்திரை ஆரம்பிக்கும் முதல் சில மாதங்களில்தான் அதிகம். விட்டு விட்டுப் போட்டால் ஒவ்வொரு முறையும் அந்த முதல் மாதங்களுக்கே திரும்பிப் போகிறோம்.

வருடத்துக்கு ஒரே ஒரு லீவு என்றால் உறை நியாயமான வழி. மாதம் ஒருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று வந்து போகிறவர் வீட்டில் காப்பர் டியோ மூன்று மாத ஊசியோதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கணவர் ஊரில் இல்லாதபோது மாத்திரை அட்டை வீட்டில் இருந்தால் பேசுகிற வாய்கள் உண்டு. 'புருஷன் கடல்ல கிடக்கான், இவளுக்கு எதுக்கு?' இதை எழுதவே கசப்பாக இருக்கிறது, ஆனால் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியவில்லை. காப்பர் டி யார் கண்ணிலும் படாது.

அந்த ஊசியின் பெயர் அந்தரா. அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் இலவசமாக வந்தது. மூன்று மாதத்துக்கு ஒன்று. கையிலோ இடுப்பிலோ போடுவார்கள், போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது. பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகு தாய்ப்பால் கொடுப்பவர்களும் போடலாம். தேதி கொஞ்சம் தவறினாலும், நான்கு வாரம் வரை தாமதமாகப் போட இடம் இருக்கிறது. ரத்தப்போக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும், எடை கூடலாம். நின்று போவதால் கெட்ட ரத்தம் உள்ளே தேங்குவதில்லை, அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: ஊசியை நிறுத்தினாலும் கர்ப்பம் தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகலாம். அடுத்த வருடமே குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது.

காப்பர் டியில் அந்தப் பிரச்சினை கிடையாது. எடுத்த மாதமே கர்ப்பம் தரிக்கலாம். முதல் பிள்ளைக்குப் பிறகு நான் போட்டது அதுதான். நீளம் சுண்டுவிரல் அளவுகூட வராது, டி எழுத்து போல ஒரு பிளாஸ்டிக், அதில் சுற்றிய செம்புக் கம்பி, அடியில் இரண்டு நூல். செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். 380ஏ என்பது பத்து வருடத்துக்கு, 375 என்பது ஐந்து வருடத்துக்கு. போடும்போது பத்து நிமிடம் ஆனது. இருமச் சொன்னார்கள், இருமினேன், அடிவயிற்றில் ஒரு சுண்டு இழுத்தது. மாதவிடாயின் இரண்டாம் நாள் வலியைப் போல இரண்டு மடங்கு இருக்கும். எழுந்து ஆட்டோவில் வந்துவிட்டேன். அந்த ரோட்டுக் குழிகள் காப்பர் டியை விட மோசம்.

முதல் ஐந்து மாதம் மாதவிடாய் அதிகமாகப் போனது. வெள்ளைப் புடவை உடுத்தும் டிசம்பர் ஆண்டு விழாவில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் அடங்கியது. ரத்தசோகை இருப்பவர்களும் ஏற்கெனவே அதிக உதிரப்போக்கு உள்ளவர்களும் இதை டாக்டரிடம் சொல்லிவிட்டே முடிவெடுக்க வேண்டும். கர்ப்பப்பையில் தொற்று, காரணம் தெரியாத ரத்தப்போக்கு, உள்வடிவத்தை மாற்றும் ஃபைப்ராய்டு கட்டி இருந்தால் போடமாட்டார்கள். கர்ப்பப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போவது உண்டா என்றால் உண்டு, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் போடும்போதே. மாமியார் சொன்ன நெஞ்சுக் கதைக்கு வேர் இதுவாக இருக்கலாம். தானாக வெளியே வந்துவிடுவது அதைவிட அதிகம் நடக்கும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். அதனால்தான் நூலைப் பார்க்க ஆறு வாரத்தில் வரச் சொல்கிறார்கள். காப்பர் டியோடு தேதி தள்ளிப்போனால் சும்மா இருக்கக்கூடாது. அபூர்வமாகத் தரிக்கும் கர்ப்பம் கருக்குழாயில் தங்க வாய்ப்பு உண்டு.

உதிரப்போக்குக்குப் பயப்படுபவர்களுக்குத் தனியார் மருத்துவமனைகளில் ஹார்மோன் வைத்த சாதனமும் இருக்கிறது. அது மாதவிடாயைக் குறைத்துவிடும், விலைதான் ஆயிரங்களில். கையின் உள்பக்கம் தோலுக்கடியில் வைக்கும் குச்சியும் இப்போது அரசுத் திட்டத்தில் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. உங்கள் ஊரில் கிடைக்குமா என்று மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு காப்பர் டி போடப் போன இடத்தில், பெயர் வேண்டாம், "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்" என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். வயது வந்த பெண் தன் உடம்பில் காப்பர் டி போட கணவர் கையெழுத்து வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கருத்தடை ஆபரேஷனுக்கே துணைவரின் சம்மதம் தேவையில்லை என்றுதான் மத்திய அரசின் வழிகாட்டு நெறியில் இருக்கிறது. அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அவர் லீவு போட்டு வந்திருக்க வேண்டியதில்லை.

ரப்பர் பாலும் தேங்காய் எண்ணெயும்

உறையைப் பற்றி நம்ம ஊர்க்காரர்கள் வெட்கப்படுவது எனக்கு வேடிக்கைதான். என் அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். பட்டையைச் சீவியதும் சிரட்டையில் சொட்டுச் சொட்டாக வடியும் அந்தப் பால்தான் உறைக்கும் மூலப்பொருள். இங்கிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் இந்துஸ்தான் லேடெக்ஸ் தொழிற்சாலை 1969-இல் உறை தயாரிக்க ஆரம்பித்தது. நிரோத் என்ற பெயர் அதற்கு முந்தைய வருடம்தான் வந்திருந்தது. ரப்பர் பால் வெட்டிக் கஞ்சி குடித்த மாவட்டம் நாம். கடையில் அதைக் கேட்கும்போது மட்டும் பேப்பரில் சுற்றித் தரச் சொல்கிறோம்.

ரப்பர் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும். வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளும் வீடுகள் இங்கே நிறைய. எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எது பட்டாலும் சில நிமிடங்களிலேயே உறை பலம் குறைந்து கிழியும். தண்ணீர் அடிப்படையிலான ஜெல்தான் சரி. பர்ஸில் மாதக்கணக்கில் வைத்து வெயிலில் அலைந்த உறையையும் நம்பக்கூடாது. நூற்றுக்கு 13 என்ற கணக்கில் இப்படிப்பட்ட கதைகளும் அடக்கம். ஆனால் பால்வினை நோயிலிருந்தும் எச்ஐவியிலிருந்தும் காப்பது இந்தப் பட்டியலில் உறை ஒன்றுதான். வேறு எந்த முறைக்கும் அந்தப் பலன் கிடையாது. சிலருக்கு ரப்பர் ஒவ்வாமை வரலாம் என்பதைத் தவிர உறைக்குப் பக்கவிளைவும் கிடையாது.

மாவட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் கிறிஸ்தவர்கள். அதில் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இயற்கை முறை மட்டும்தான் என்ற போதனை உண்டு. 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட சுற்றுமடலுக்குப் பிறகு அது இன்னும் உறுதியானது. அதை மதிக்கிறவர்களை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் 'நாள் பார்க்கிறது' என்று மனக்கணக்குப் போடுவது வேறு, முறையாகக் கற்றுச் செய்வது வேறு. மாதவிடாய் 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருகிறவர்களுக்கு எட்டாம் நாளிலிருந்து பத்தொன்பதாம் நாள் வரை விலகி இருப்பது ஒரு முறை. அப்படியும் வருடத்துக்கு நூற்றுக்கு 12 பேருக்குத் தவறுகிறது. சளி போன்ற திரவத்தையும் உடல் வெப்பத்தையும் தினமும் குறித்து வைத்தால் துல்லியம் கூடும். இரண்டு மாதம் கழித்துக் கரைக்கு வந்த மனிதரிடம் "இன்னைக்குப் பன்னிரண்டாம் நாள்" என்று சொல்லும் தைரியமும் அவர் கேட்கும் குணமும் இருக்கிற வீட்டுக்கு இது பொருந்தும்.

தாய்ப்பால் கொடுத்தால் கர்ப்பம் தரிக்காது என்று பாட்டிமார் சொல்வது பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகியிருக்கக்கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், மாதவிடாய் திரும்பியிருக்கக்கூடாது. மூன்றும் சேர்ந்தால் 98 சதவீதம் பாதுகாப்பு. ஒன்று குறைந்தாலும் கணக்கு முடிந்தது.

எல்லாம் தவறிவிட்டால்? 72 மணி நேரத்துக்குள் போடும் அவசர மாத்திரை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சட்டப்படி சீட்டு இல்லாமலே விற்கலாம். ஆனால் தமிழ்நாட்டு மெடிக்கல்களில் கேட்டால் பெரும்பாலும் 'இல்லை'தான். கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டிப் போய் வாங்கி வந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டாலும் அவசரத் தடுப்பாக வேலை செய்யும், மாத்திரையைவிட நன்றாகவே. அதையும் மீறித் தரித்துவிட்டால், 2021 திருத்தத்துக்குப் பிறகு கருத்தடை தோல்வி என்ற காரணத்துக்கு 20 வாரம் வரை கருக்கலைப்பு சட்டப்படி செய்யலாம், திருமணம் ஆகாத பெண்ணுக்கும்.

உனக்கா, எனக்கா?

இனி பிள்ளை வேண்டாம் என்று முடிவாகிவிட்டால்தான் ஆபரேஷன் பேச்சு. நிரந்தரம் என்ற சொல்லின் எடையை இந்த மாவட்டத்துக் கடற்கரை அறியும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி பக்கம் சுனாமி எத்தனை பிள்ளைகளைக் கொண்டுபோனது! அந்தத் தாய்மாரில் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்தவர்கள். கட்டிய குழாயை மறுபடி இணைக்கும் அறுவைச் சிகிச்சையை அரசு இலவசமாகச் செய்து தந்தது. சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பலிக்கவில்லை. அப்படி மறுபடி பிறந்த சில பிள்ளைகளை அந்தந்தத் தாய்மார் எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்த விதமே வேறு, கேட் வரை கையை விடமாட்டார்கள். நான் பயமுறுத்தவில்லை. 24, 25 வயதில் இரண்டு பிள்ளையோடு 'நிறுத்திவிடலாம்' என்று அவசரப்படுகிறவர்கள் பத்து வருடத்துக்கு காப்பர் டி போட்டு முடிவைத் தள்ளிவைக்கலாமே என்றுதான் சொல்கிறேன். காவல் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே.

முடிவு உறுதியென்றால், யாருக்கு?

பெண்ணுக்குச் செய்வது வயிற்றைத் திறக்கும் வேலை, சிறிய துளையோ சிறிய வெட்டோ. பிரசவமான ஏழு நாளுக்குள் செய்யலாம், இல்லையென்றால் ஆறு வாரம் கழித்து. ஆணுக்குச் செய்யும் என்.எஸ்.வி. என்ற விந்துக்குழாய் அடைப்பில் கத்தியே இல்லை. ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, ஒரு சிறு துளை, தையல் கிடையாது, கால் மணி நேரம். சிக்கல்கள் குறைவு, தோல்வி வாய்ப்பும் குறைவு. அரசு தரும் ஊக்கத்தொகைகூட ஆணுக்குத்தான் அதிகம். இவ்வளவு இருந்தும் 0.3 சதவீதம்.

ஒரு விதிவிலக்கு சொல்லத்தான் வேண்டும். இரண்டாவதும் சிசேரியன் என்றால், தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட பாதிப் பிரசவம் இப்போது அப்படித்தான், வயிறு எப்படியும் திறந்திருக்கிறது. குழாயைக் கட்டச் சில நிமிடம்தான் கூடுதல். அங்கே பெண்ணுக்குச் செய்வதில் நியாயம் உண்டு, முன்பே யோசித்துச் சம்மதித்திருந்தால். சுகப்பிரசவம் என்றாலோ பிரசவமாகி நாளாகிவிட்டாலோ, அவர் போவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கட்சி.

எங்கள் வீட்டில் அவர்தான் போனார். சும்மா போகவில்லை. ஒரு மாதம் பேசினோம். என் மாமியார் சொன்னது, "ஆம்பளைக்குச் சத்து போயிரும், பாரம் தூக்க முடியாது." ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போவது, அதற்கும் அடைத்த குழாய்க்கும் சம்பந்தமில்லை. ஆசை, பலம், மீசை எல்லாம் அப்படியே. வெளிவரும் திரவம்கூட அளவில் குறைவது தெரியாது, அதில் விந்தணுவின் பங்கு மிகச் சொற்பம். பக்கத்து மாநிலத்து எர்ணாகுளத்தில் 1971-இல் ஒரே முகாமில் அறுபதாயிரம் ஆண்களுக்கு மேல் வந்து செய்துகொண்டார்கள். அவசரநிலைக் காலத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டுபோய்ச் செய்ததில்தான் இந்த ஆபரேஷனின் பெயர் கெட்டது, இன்னும் மீளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஹெல்மெட்டைக் கழற்றாமலே மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக்கூடாதாம். ஹெல்மெட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் இறுக்கமான உள்ளாடையும் ஓய்வும். ஞாயிற்றுக்கிழமை இரவு மீன்குழம்பில் புளி கூடிவிட்டது என்று சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார். திங்கள் வேலைக்குப் போனார். பாரம் தூக்குவதை மட்டும் ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். ஆண் ஆபரேஷன் உடனே பலன் தராது. குழாயில் ஏற்கெனவே இருப்பது வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு முறை, பிறகு விந்துப் பரிசோதனை. 'ஆபரேஷன் பண்ணியும் பிள்ளை வந்துட்டு' என்ற கதைகளில், அதனால் வந்த சந்தேகச் சண்டைகளில், இந்த மூன்று மாதம் ஒளிந்திருக்கும். இருவரில் யார் செய்தாலும் சான்றிதழை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அரசு வழியாகச் செய்த ஆபரேஷன் தவறினால் இழப்பீடு கேட்க அதுதான் ஆதாரம்.

அக்கா மகள் கதைக்கு வருகிறேன். மாப்பிள்ளை பிரசவத்துக்கு வந்து, குழந்தைக்கு முப்பது நாள் ஆகும்போது திரும்பிவிடுவார். அடுத்து வரும்போது குழந்தைக்கு ஒரு வயது நெருங்கும், தாய்ப்பால் காவல் அதற்குள் முடிந்திருக்கும். அவர்களுக்கு மூன்று வருட இடைவெளி வேண்டும். அந்த 45 நாள் லீவுக்காக உறை போதும் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவள்தான் மறுத்தாள். "பத்து மாசம் கழிச்சு வாறவருகிட்ட ஒவ்வொரு நாளும் ஞாபகப்படுத்த என்னால ஆகாது சித்தி. உள்ள இருக்கட்டும்."

போன வாரம் பெண் குழந்தை. காப்பர் டி வைத்தாகிவிட்டது. நூல் பார்க்க ஆறு வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்கு முதல் பென்டா தடுப்பூசியும் ஆறாம் வாரம்தான். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டு, தடுப்பூசி அட்டையின் பின்பக்கம் தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். மாமியாரும் கூடப் போகிறாராம், நூல் இருக்கிற இடத்திலேயே இருக்கிறதா என்று டாக்டரிடம் தானே கேட்க வேண்டுமாம்.